எண்ணப்படாத அடிகள்: இரும்பின் அசதியும் அரியலூரின் நினைவும்

1

‘விபத்து’ என்கிற சொல்லிலிருந்து தொடங்கலாம். எதிர்பாராதது, யாரும் நினைக்காதது, ஒரு கணத்தில் நடந்து முடிந்துவிடுவது என்று இந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே ஒரு கதை எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கதையை ஏற்றுக்கொண்டால் நமக்கு மிஞ்சுவது இரண்டே கேள்விகள்தான். எத்தனை பேர் செத்தார்கள்? யார் மேல் தப்பு? ‘எவ்வளவு காலமாக?’ என்ற மூன்றாவது கேள்விக்கு அங்கே இடமில்லை. அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்பதற்கென்றே செய்யப்பட்ட ஓர் இயந்திரத்தின் வரலாற்றைத்தான் இங்கே பேசப் போகிறேன். பெரம்பலூர் – அரியலூர் பக்கத்துக்காரன் என்பதால் என் ஊர் வழியாகத்தான் அதற்குள் போக முடிகிறது.

1956 நவம்பர் 23, விடியற்காலை. நல்ல மழை. சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டிக் கல்லகத்துக்கு முன்னால் மருதையாற்றுப் பாலத்தில் வெள்ளத்துக்குள் கவிழ்ந்தது. 140 பேருக்கு மேல் செத்தார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வயசு சொல்லும்போதுகூட “மருதையாத்துல ரயிலு போச்சே, அந்த வருசம்” என்றுதான் கணக்குச் சொல்வார்கள். ஆனால் பாடப்புத்தகத்துக்குள் வந்த அரியலூர் வேறு. அங்கே அரியலூர் என்றால் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகிய கதை. அதே ஆண்டு செப்டம்பரில் ஆந்திரப் பக்கம் மகபூப்நகரில் ஒரு பாலம் உடைந்து 100 பேருக்கு மேல் செத்தபோதே அவர் விலக முன்வந்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றார், தவறு சாஸ்திரியுடையது என்பதற்காக அல்ல, முன்மாதிரியாக இருக்கட்டும் என்பதற்காக. துணை அமைச்சர் அழகேசனின் பெயர் 1957 தேர்தலில் தெருமுழக்கம் ஆனது.

சாஸ்திரியின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் இந்தக் கதை என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு மாபெரும் மரணத்துக்கு இரண்டு விளக்கங்கள் கிடைக்கின்றன: ஒன்று இயற்கை (மழை), மற்றொன்று அறம் (ராஜினாமா). இரண்டுக்கும் நடுவில் பாலம் என்கிற பொருள் காணாமல் போய்விடுகிறது. மூன்று மாதத்துக்குள் இரண்டு ஆற்றுப் பாலங்கள் போனது ஏன், எத்தனை மழையை அந்த மண்கரை ஏற்கெனவே தாங்கியிருந்தது, தண்ணீர் அடியில் அரித்துக்கொண்டிருந்ததை யார் பார்க்க வேண்டியிருந்தது என்கிற கேள்விகள் பொது நினைவுக்குள் வரவே இல்லை. 2007-இல் அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமான தேதியும் நவம்பர் 23தான். யாரும் திட்டமிட்டதாக இருக்காது. அரசாங்க நாட்காட்டியில் மட்டும் ஒரு துக்கத்தின் மேல் ஒரு தொடக்க விழா உட்கார்ந்துகொண்டது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மருதையாற்றில் உடைந்தது அசந்துபோன இரும்பு அல்ல. வெள்ளம் அரித்த கரை. ஆனாலும் இரண்டையும் ஒரே கேள்வியால் அணுக முடியும். கடைசி அடியைக் காரணம் என்று சொல்வதா, அதற்கு முன்னால் விழுந்த ஆயிரம் அடிகளையும் கணக்கில் எடுப்பதா?

2

இந்தக் கேள்வி ரயிலோடு சேர்ந்தே பிறந்தது. 1842 மே 8-ஆம் தேதி வெர்சாயிலிருந்து பாரீசுக்குத் திரும்பிய ரயிலில் இன்ஜினின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. கதவுகளை வெளியில் பூட்டிவிடுவது அன்றைய வழக்கம். ஐம்பதுக்கு மேற்பட்டோர் உள்ளேயே எரிந்துபோனார்கள். உலகைச் சுற்றிவந்த கடலோடி துய்மோன் துர்வில் மனைவி மகனோடு செத்தது இதில்தான்.

அச்சு ஏன் முறிந்தது? உடைந்த முகம் பொடிப்பொடியாக, படிகம் போல மின்னுவதைப் பார்த்த அன்றைய நிபுணர்கள், நார்நாராக இருந்த இரும்பு அதிர்ச்சியில் படிகமாகிவிட்டது என்றார்கள். உண்மையில் இரும்பு எப்போதுமே படிகம்தான். இது வெறும் அறியாமை இல்லை, வசதியான அறியாமை. இரும்பே உள்ளுக்குள் மாறிவிட்டது என்று சொல்லிவிட்டால் அச்சைச் செய்தவனுக்கும் ஓட்டச் சொன்ன முதலாளிக்கும் வேலை முடிந்தது. குற்றம் பொருளின் ‘இயல்பில்’ போய்ச் சேர்ந்துவிடுகிறது. (இயல்பின் மேல் குற்றத்தைப் போடுகிற சொல்லாடல் நமக்குப் புதிதில்லை.)

மறுத்தவன் ரேங்கின் என்கிற இளைஞன். 1843-இல், 23 வயதுகூட நிரம்பாதபோது, முறிந்த அச்சுகளை வைத்துக்கொண்டு அவன் சொன்னது இதுதான்: உடைப்பு திடீரென்று வந்ததல்ல. அச்சு தடிப்பிலிருந்து மெலிசாகும் தோள்பட்டையில் கூர்மையான மூலை இருக்கிறது. விரிசல் அங்கே தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், மிச்சமிருந்த நடுப்பகுதி தாங்க முடியாமல் ஒரு நாள் விட்டுப்போயிருக்கிறது. மூலையை வளைவாக்கு என்றான். இந்த ஒரு வாக்கியத்தில் குற்றம் இடம் மாறிவிட்டதைக் கவனியுங்கள். இரும்பின் இயல்பிலிருந்து மனிதர் போட்ட வடிவத்துக்கு.

ஆனால் ‘கொஞ்சம் கொஞ்சமாக’ என்பதை எப்படி நிரூபிப்பது? ஒரு அச்சு இலட்சக்கணக்கான சுற்றுகளில் செத்துக்கொண்டிருப்பதை எந்தக் கண்ணும் உட்கார்ந்து பார்க்க முடியாது. இங்கேதான் இயந்திரம் வருகிறது. முதல் இயந்திரம் ரயிலுக்கு அல்ல, சுரங்கத்துக்கு. ஜெர்மனியின் கிளவுஸ்தால் சுரங்கங்களில் பாரம் தூக்கும் சங்கிலிகள் அறுந்துகொண்டிருந்தன. வில்ஹெல்ம் ஆல்பர்ட் ஒரே சங்கிலியைத் திரும்பத் திரும்ப இழுத்துவிடும் சாதனம் ஒன்றைச் செய்து 1837-இல் முடிவுகளை வெளியிட்டார். ‘உலோகத்தின் அயர்வு’ என்கிற பேச்சு 1854-இல் பிரெய்த்வெயிட் எழுதிய கட்டுரையின் தலைப்பில் வந்து நிலைபெற்றது. களைத்துப்போகிற மனித உடம்பிலிருந்து இரும்பு கடன் வாங்கிய சொல் அது. அதற்குப் பின்னால் மறுபடி வருவோம்.

ஆகுஸ்ட் வோலர் பிரஷ்ய ரயில்வேயில் வேலை பார்த்த பொறியாளர். முதலில் அவர் செய்தது, ஓடும் வண்டியின் அச்சு எவ்வளவு வளைகிறது என்பதை வண்டியிலேயே கருவி பொருத்தித் துத்தநாகத் தகட்டில் கீறவைத்து அளந்தது. மேசையில் உட்கார்ந்து கற்பனை பண்ணாமல் அச்சையே வாக்குமூலம் கொடுக்க வைத்தது. பிறகு பட்டறைக்கு வந்து இயந்திரங்கள் செய்தார். அதில் புகழ்பெற்றது சுழல்வளைவு இயந்திரம். தத்துவம் எளிது. ரயில் அச்சின் மேல் பாரம் எப்போதும் ஒரே பக்கம்தான் அழுத்துகிறது. ஆனால் அச்சு சுற்றுகிறது. அதனால் அதன் மேற்பரப்பில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுற்றுக்கு ஒரு முறை இழுபடுகிறது, ஒரு முறை நசுங்குகிறது. சோதனைத் துண்டின் முனையில் மாறாத பாரத்தைத் தொங்கவிட்டு அதைச் சுற்றவிட்டால் போதும், ரயில் ஓடாமலே ரயில் ஓடும். கூட ஒரு எண்ணி. உடையும்போது அந்த எண்ணியில் நிற்கிற எண்தான் விடை.

நிமிடத்துக்கு 72 சுற்று. அந்த வேகத்தில் ஒரு கோடி சுற்று முடிய இரவும் பகலுமாக 96 நாள் ஆகும். 1860 முதல் 1870 வரை இந்தப் பொறுமையில் அவர் கண்டது இரண்டு விஷயம். ஒன்று: ஒரே தடவை போட்டால் கொஞ்சமும் சேதம் செய்யாத பாரம், போதுமான தடவை போட்டால் உடைக்கும். இரண்டு: ஒரு எல்லைக்குக் கீழே பாரத்தை வைத்தால் எத்தனை தடவை போட்டாலும் எஃகு உடைவதில்லை. இதைத் தாங்குவரம்பு என்கிறார்கள். முதல் விஷயம் தொழிலாளிக்கு நன்றாகத் தெரிந்தது. இரண்டாவது விஷயம் முதலாளிக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

3

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாலிடெக்னிக் கடைசி வருசத்தில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து இப்படி ஒரு இயந்திரம் செய்தோம். பெரம்பலூரில் ஒரு லேத் பட்டறைதான் எங்கள் ஆய்வுக்கூடம். பழைய மாவு மில்லிலிருந்து வாங்கிய 1440 சுற்று மோட்டார். இரண்டு பேரிங் வீடு. நடுவில் 8 மில்லிமீட்டர் தடிமனில் கடைந்த துண்டு. அதன் இரு பக்கமும் தொங்குகிற கம்பியில் தராசுக் கடை எடைக்கற்கள். துண்டு உடைந்தால் தண்டு கீழே விழும், விழுந்து ஒரு சுவிட்சைத் தட்டும், மோட்டார் நிற்கும், எண்ணி நிற்கும்.

இதை வடிவமைப்பதில் உள்ள சங்கடத்தை அனுபவித்தால்தான் புரியும். சோதிக்கிற இயந்திரமும் அதே இரும்புதான். துண்டு சுற்றுகிற ஒவ்வொரு சுற்றையும் இயந்திரத்தின் தண்டும் சுற்றுகிறது. துண்டு அசந்துபோவதற்கு முன் இயந்திரம் அசந்துபோகக் கூடாது. எங்கள் முதல் இயந்திரத்தில் அதுதான் நடந்தது: துண்டு கம்பீரமாக இருந்தது, தண்டு முறிந்தது. தோள்பட்டையில் மூலையை வளைக்காமல் விட்டிருந்தோம். 1843-இல் ரேங்கின் சொன்னதைப் பரீட்சையில் எழுதியிருந்தோம், கையால் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். லேத் மேஸ்திரி சிரித்தார். “தம்பி, இரும்புக்கும் அசதி உண்டு. எங்க அசந்துபோகும்னு பாத்துத் தோள் குடுக்கணும்.”

துண்டைக் குறுக்கே தேய்க்கக் கூடாது, நீளவாக்கில்தான் மெருகேற்ற வேண்டும். குறுக்குக் கீறல் ஒன்று போதும் விரிசல் குடியேற. பேரிங் கொஞ்சம் கோணினாலும் நாம் போட்ட பாரத்துக்கு மேல் கணக்கில் வராத பாரம் ஒன்று சேர்ந்துகொள்ளும். இரண்டாவது இயந்திரம் ஓடியது. ஒரு கோடி சுற்றுக்கு அந்த வேகத்தில் ஐந்து நாள்கூட வேண்டாம். மின்வெட்டையும் சேர்த்து எங்களுக்கு ஒன்பது நாள் ஆனது. துண்டு உடையவில்லை. வரம்புக்குக் கீழே இருக்கிறது என்று கைதட்டிக்கொண்டோம்.

அப்புறம் எங்களில் ஒருவனுக்கு ஒரு யோசனை வந்தது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற குழாயை வாங்கிவந்து, லிட்டருக்கு 35 கிராம் கல்லுப்புக் கரைத்து (ஏறக்குறைய கடல்நீரின் அளவு), அதே பாரத்தில் புதிய துண்டின் மேல் சொட்டுச்சொட்டாக விட்டோம். தண்ணீர் துண்டை நனைக்க வேண்டும், பேரிங்கைத் தொடக் கூடாது. அதற்காக சைக்கிள் டியூபை வெட்டி மறைப்புக் கட்டிய கதை தனி. மூன்றாம் நாள் இரவு, இருட்டில், டப் என்று ஒரு சத்தம். மோட்டார் நின்றுவிட்டது.

4

எங்களுக்கு அதிர்ச்சியாக இருந்தது உலகத்துக்குப் பழைய செய்தி. முதல் உலகப்போரில் கடற்கண்ணிகளை அறுக்கும் சாதனங்களைக் கப்பல்கள் எஃகு வடத்தால் இழுத்துச் சென்றபோது அந்த வடங்கள் காரணமில்லாமல் அறுந்தன. 1917-இல் பிரிட்டனின் ஹெய், பித்தளைகளின் அயர்வு பற்றிய சோதனைகளில், அரிக்கும் திரவம் உடனிருந்தால் கணக்கு மாறுவதைக் காட்டினார். 1926-இல் அமெரிக்கக் கடற்படையின் அன்னாபொலிஸ் சோதனை நிலையத்தில் மெக்காடம் இதற்கு ‘அரிப்பு அயர்வு’ என்று பெயர் வைத்தார். துரு மட்டும் தின்றால் ஒரு சேதம். திரும்பத் திரும்ப வரும் பாரம் மட்டும் என்றால் ஒரு சேதம். இரண்டும் சேர்ந்தால் வருவது அந்த இரண்டின் கூட்டுத்தொகை அல்ல, அதைவிடப் பெரிது. பாரம் விரிசலைத் திறக்கிறது. உப்பு உள்ளே போகிறது. துரு விரிசலின் முனையைத் தின்கிறது. அடுத்த பாரத்துக்கு வாசல் இன்னும் அகலம்.

இதில் முக்கியமானது: உப்புத் தண்ணீரில் அந்தத் தாங்குவரம்பு காணாமல் போகிறது. ‘இதற்குக் கீழே எத்தனை தடவை போட்டாலும் ஒன்றும் ஆகாது’ என்கிற உத்தரவாதம் சுத்தமான காற்றில் எழுதப்பட்டது. காற்றை மாற்றினால் உத்தரவாதம் இல்லை. ஆகவே ‘பாதுகாப்பான அளவு’ என்று யார் எதைச் சொன்னாலும் — இரும்புக்கானாலும், தூசிக்கானாலும், கதிர்வீச்சுக்கானாலும் — எந்தச் சூழலில் அளந்தாய் என்று கேட்க வேண்டியிருக்கிறது. அளவு பேசும்போது சூழல் மௌனமாக்கப்படுகிறது.

இன்னொன்றும் உண்டு. அரிப்புக்கு நேரம் வேண்டும். இயந்திரத்தை வேகமாக ஓட்டினால் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் உப்புக்கு வேலை செய்ய அவகாசம் இல்லை. துண்டு அதிகச் சுற்றுகள் தாங்கியதுபோல் காட்டும். மெதுவாக ஓட்டினால் குறைந்த சுற்றிலேயே உடையும். அவசரச் சோதனை நல்ல பெயர் வாங்கிக்கொடுக்கிற சாட்சி. எங்கள் 1440 சுற்று மோட்டாரும் அந்த வகையில் பொய்ச்சாட்சிதான். உப்புக்காற்றில் மெதுவாக அசைகிற நிஜமான பாலம் எங்கள் துண்டைவிட மோசமான நிலையில் இருக்கிறது.

1967 டிசம்பர் 15-இல் அமெரிக்காவில் ஓகையோ ஆற்றின் மேல் இருந்த சில்வர் பாலம் மாலை நெரிசலில் விழுந்து 46 பேர் செத்தார்கள். 1928-இல் கட்டிய பாலம். காரணம், கண்துளை கொண்ட ஒரு எஃகுக் கம்பியில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் ஆழ விரிசல். கழற்றிப் பார்த்தாலொழியக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். நம்முடைய பாம்பன் பாலம் 1914-இலிருந்து உப்புக்காற்றில் நின்றது; 2022 டிசம்பரில் அதில் ரயில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கப்பட்டது. நூறு வருசத்துக்கு மேல் அதை நிற்க வைத்தது எஃகு மட்டுமல்ல. சுரண்டிச் சுரண்டிப் பெயிண்ட் அடித்த, பழுதான துண்டுகளை மாற்றிய கைகள். திறப்பு விழாக் கல்வெட்டில் அந்தக் கைகளுக்குப் பெயர் கிடையாது.

அரிப்பை ஆராய்வதற்கு நம்மிடம் நிறுவனம் இல்லாமலும் இல்லை. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் 1953-இலேயே தொடங்கிவிட்டது. அறிவு இருக்கிறது. அது மேலேயே இருக்கிறது, கீழே இறங்குவதில்லை என்பதுதான் என் முறைப்பாடு.

5

இப்போது கடன் வாங்கிய சொல்லுக்கு வருவோம். 1867-இல் பாரீஸ் கண்காட்சியில் வோலரின் சோதனை முடிவுகள் வைக்கப்பட்டன. அதே 1867-இல் மார்க்சின் ‘மூலதனம்’ முதல் தொகுதி வெளிவந்தது. அதில் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் ஒரு காட்சி: பெரிய ரயில் விபத்து ஒன்றுக்குப் பிறகு லண்டனில் மரண விசாரணை ஜூரியின் முன் கார்டு, டிரைவர், சிக்னல்காரர் மூன்று பேரும் நிற்கிறார்கள். குற்றம், கவனக்குறைவு. அவர்கள் சொல்கிற பதிலின் சாரம்: பத்துப் பன்னிரண்டு வருசம் முன்னால் எட்டு மணி நேரம் வேலை, இப்போது 14, 18, 20 மணி நேரம், ஒரு கட்டத்துக்கு மேல் மூளை நின்றுவிடுகிறது, கண் பார்க்க மறுக்கிறது.

ஒரே பத்தாண்டு, ஒரே ரயில். அச்சு முறிந்தால் பத்து வருசம் பொறுமையாக உட்கார்ந்து எண்ணுகிறார்கள். டிரைவர் முறிந்தால் கூண்டில் ஏற்றுகிறார்கள். இரும்புக்குக் கிடைத்த ‘எவ்வளவு காலமாக?’ என்கிற கேள்வி மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

அவசரப்பட்டு ‘மனிதனும் இரும்பும் ஒன்று’ என்று முடித்துவிடக் கூடாது. அப்படி முடித்தவர்களும் உண்டு. இத்தாலியின் மோஸ்ஸோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் விரலில் எடை கட்டி இழுக்கவைத்து மனிதக் களைப்பை வரைபடமாக்கும் கருவி செய்தார். அதன் பின்னால் வந்த அறிவு, இவனிடமிருந்து இன்னும் எவ்வளவு வாங்கலாம் என்று கணக்குப் போடவும் பயன்பட்டது. எண்ணுவது எப்போதும் விடுதலை அல்ல. யார் எண்ணுகிறார்கள், எண் யார் கையில் இருக்கிறது என்பதில்தான் அதன் அரசியல். இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. இரும்பில் விழுந்த விரிசல் ஓய்வு கொடுத்தால் ஆறாது. மனித உடம்பு ஆறும். அதனால்தான் மனிதன் ஓய்வைக் கோரிக்கையாக வைக்கிறான். 1973-இல் நம் ரயில் இன்ஜின் ஊழியர்கள் போராடியது வேலை நேரத்துக்காக. 1974-இல் நாடு தழுவிய ரயில்வே வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளிலும் எட்டு மணி நேரம் இருந்தது. அது தொடங்கிய நாள் மே 8. வெர்சாய் அச்சு முறிந்த அதே தேதி. தேதி தற்செயல்தான்; ஆனால் ஆயிரக்கணக்கில் கைதானதும் வேலைநீக்கமும் தற்செயல் இல்லை.

6

அரியலூருக்குத் திரும்புகிறேன். ஒரு காலத்தில் கடலடியாக இருந்த பூமி இது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை வெட்டி சிமெண்ட் ஆக்குகிறார்கள். கல்லையும் சிமெண்டையும் சுமந்துகொண்டு இரவும் பகலும் லாரி ஓடுகிறது. கரும்பும் நெல்லும் போன சாலையில் இப்போது டிப்பர்கள். ரோட்டோரத்துக் குடிசைகளுக்கு இதன் அர்த்தம் தெரியும்.

அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரை இல்லினாய் மாநிலத்தில் லாரிகளை ஓட்டிச் செய்த சாலைச் சோதனையிலிருந்து வந்த கட்டைவிரல் கணக்கு ஒன்று இருக்கிறது: அச்சுப் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்குச் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்கு. இரும்புக்கும் இதுமாதிரிக் கணக்கு உண்டு. சுவீடனின் பால்ம்கிரென் 1924-இலும் அமெரிக்காவின் மைனர் 1945-இலும் சொன்னது: ஒவ்வொரு பாரமும் ஆயுளில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது, பங்குகள் கூடி ஒன்றானால் உடைப்பு. மிகைப்பாரம் போட்ட ஒவ்வொரு நடையும் அந்தக் கணக்கில் பற்று எழுதப்படுகிறது. நடைக்கூலியில் வந்த லாபம் ஒரு கணக்குப் புத்தகத்தில். பட்டையிலும் அச்சிலும் டிரைவரின் முதுகிலும் எழுதப்பட்ட பற்று வேறு புத்தகத்தில். இரண்டாவது புத்தகத்தை யாரும் திறப்பதில்லை. 1961-இன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 என்று வைத்திருந்தது. இந்த ரோட்டில் நின்று எந்த டிரைவரிடமும் கேட்டுப் பாருங்கள்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ஸ்பிரிங் பட்டறை. லோடோடு வந்த லாரியின் மெயின் பட்டை முறிந்து, நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. “பள்ளத்துல கண்ணு தெரியாம எறக்கிட்டான், இவன் சம்பளத்துல புடிக்கணும்” என்று வண்டிக்காரர் நின்றார். டிரைவர் பேசவில்லை. பட்டறைப் பெரியவர் முறிந்த துண்டை எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பிடித்தார். சென்டர் போல்ட் ஓட்டை ஓரத்திலிருந்து அரைவட்டமாகக் கறுத்து, துருவேறி, வழவழவென்று முக்கால் பாகம்; மிச்சம் கால் பாகம் வெள்ளையாக, சொரசொரவென்று. “இந்தாங்க, நீங்களே பாருங்க. கறுத்தது பழசு, வெள்ளைதான் நேத்து. நேத்து ஒடிஞ்சது இத்தனூண்டு. மிச்சமெல்லாம் மாசக்கணக்கா ஒடிஞ்சுக்கிட்டு இருந்துருக்கு. இவன் என்னங்க பண்ணுவான்?”

உடைந்த முகத்தில் அலைபோல் வரிவரியாகத் தெரிகிற அந்தக் கோடுகளுக்கு ஆய்வாளர்கள் கடற்கரை வரிகள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விரிசல் நின்று நின்று முன்னேறிய தடங்கள் அவை. பெரியவருக்கு அந்தப் பெயர் தெரியாது; வோலரையும் தெரியாது. ஆனால் அந்த இரும்பு எழுதிய பிரதியை அவர் வாசித்தார், ஒரு மனிதனின் சம்பளத்தைக் காப்பாற்றினார். அன்றைக்குப் பிடித்தம் இல்லை.

தொழில்நுட்பம் என்றாலே ஆதிக்கம் என்று நம்மில் சிலர் ஒதுங்கிவிடுகிறோம். நானும் சில காலம் அப்படித்தான் பேசித்திரிந்தேன். அந்தப் பட்டறையில் நின்ற பிறகு அப்படிப் பேச முடியவில்லை. இந்த அறிவை அவர்களிடமே விட்டுவிட்டால் மழையும் டிரைவரும்தான் எப்போதும் குற்றவாளிகள். விசாரணைக் குழு வரும்போது நாம் கேட்க வேண்டியவை எளிய கேள்விகள். உடைந்த துண்டு எங்கே? அதன் முகத்தை யார் பார்த்தார்கள்? எத்தனை பாரம், எத்தனை தடவை, எந்தக் காற்றில்? கடைசியாக எப்போது சோதித்தீர்கள், அந்தத் தாள் எங்கே? டிரைவர் எத்தனை மணி நேரம் தூங்கியிருந்தார்?

மருதையாற்றில் இதையெல்லாம் கேட்க வேண்டியவர்கள் தண்ணீரோடு போய்விட்டார்கள். லாரி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.